திருகோணமலைக் கடலும் வண்ண வடிகட்டியும்

ஒளிப்படக் கருவியின் வில்லைக்கு முன்னே பொருத்தப்படும் வண்ண வடிகட்டி வெறும் விநோதப் பொருளென்றே பலராலும் கருதப்படுகின்றது. கருப்பு வெள்ளைப் படத்திலே சிவப்பு வடிகட்டி நீலவானை இருளச்செய்து வெண்முகிலைத் தனித்துக் காட்டுவது இக்கருத்துக்கு இடந்தரும். எனினும், அதன் வரலாற்றை ஆராயுமிடத்து, இயற்கையின் உண்மை நிறத்தை அறியும் முயற்சியோடு அது வளர்ந்தமை புலனாகும்.

1861ஆம் ஆண்டில் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் என்னும் அறிஞர் பல்வண்ண நாடாவொன்றைச் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய வடிகட்டிகளினூடே படம்பிடிப்பித்து, அப்படங்களின் ஒளியைத் திரையில் ஒன்றுசேர்த்து, வண்ண ஒளிப்படத்துக்கு வழிவகுத்தார். 1907இல் லூமியர் சகோதரர் விற்பனைக்குக் கொணர்ந்த வண்ணத் தட்டிலே, சாயமேற்றிய உருளைக்கிழங்கு மாமணிகளே நுண்ணிய வடிகட்டிகளாயின. இத்தகைய தட்டைக்கொண்டே 1926இல் லோங்லி, மார்ட்டின் என்போர் அமெரிக்காவின் புளோரிடாக் கடலில் முதன்முதலாக நீரடி வண்ணப் படம் எடுத்தனர். நீருக்குள் ஒளி போதாமையால், மிதவையொன்றின்மேல் மக்னீசியப் பொடியை எரித்தே அவர் அதனைச் செய்யவேண்டியதாயிற்று.

நீரடியில் நேரும் இவ்விடர்ப்பாடு திருகோணமலைக்கும் உரியதே. சம்பந்தர் பாடிய கோணேச்சரம் போர்த்துக்கேயரால் 1620களில் இடிக்கப்பட்டது. 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமிமலை அடிவாரத்துக் கடலில் மூழ்கித் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டனர். அம்முயற்சியைக் கிளார்க் 1957இல் வெளிவந்த ‘தி ரீஃப்ஸ் ஒவ் தப்ரபேன்’ என்னும் நூலில் எழுதினார்.

கடல்நீர் தானே ஒரு பெரும் வடிகட்டியாகும். கதிரவனொளியின் செந்நிறப் பகுதியை அது விரைவில் உறிஞ்சுகின்றது. தெளிந்த நீரிலும் 5 மீற்றர் ஆழத்தில் ஆழ்ந்த சிவப்பில் ஐந்திலொரு பங்கே எஞ்சும். 10 மீற்றரில் அது நூற்றில் சில பங்காய்க் குறையும். ஆகவே செந்நிறப் பாசியும் கருங்கல்லும் ஒருபடித்தாய் நீலம் பூண்டு தோன்றும். வில்லையின் முன் செந்நிற வடிகட்டியை இட்டால், மிகுந்த நீலமும் பச்சையும் தடுக்கப்பட, நிறங்கள் ஓரளவு ஒப்புநிலை எய்தும். ஆயின் வடிகட்டி கழிக்குமேயன்றிக் கூட்டாது. ஆழத்தில் சிவப்பே இல்லாதபோது அதனைத் தருதல் அதற்கு இயலாது. மின்விளக்கை உடன்கொண்டு செல்லுதலே வழி. இன்றைய எண்முறைக் கருவிகளின் நிறத்திருத்தத்துக்கும் இவ்வரம்பு உண்டு.

மலைமேல் நின்று கடலைப் படம்பிடிப்போர்க்கு வேறொரு வடிகட்டி உதவும். 1929இல் எட்வின் லாண்ட் காப்புரிமை கோரிய ஒளிமுனைவாக்கித் தகட்டை வில்லைமேல் வைத்துச் சுழற்றினால், நீர்ப்பரப்பின் பளபளப்பு அடங்கி, ஆழங்குறைந்த இடத்துப் பாறைகள் தெரியும். செங்குத்துக் கோட்டினின்று ஏறத்தாழ 53 பாகை சாய்ந்து நோக்கும்போதே இப்பயன் மிகும்; நேர் கீழே நோக்குவார்க்கு அது பெரிதும் குறையும்.

இவற்றால் பெறப்படும் முடிபு ஒன்றுண்டு. கோணேச்சரத்துக் கற்களின் படம் அழகுக்காக மட்டும் எடுக்கப்படுவதன்று; அழிந்த கோயிலுக்கு அது சான்றாகும். எந்த ஆழத்தில், எவ்வடிகட்டியால், எவ்வொளியில் எடுக்கப்பட்டதெனக் குறிக்கப்படாத படத்தில், கல்லின் நிறம் யாது, கடல் ஏற்றிய நிறம் யாது, கண்ணாடி கழித்த நிறம் யாது எனப் பின்வருவோர் துணிதல் அரிது. கல்வெட்டைப் படியெடுப்போர் இடத்தையும் எழுத்தின் சிதைவையும் குறித்துவைத்தல்போல, நீரடிப் படமெடுப்போரும் இக்குறிப்புகளைப் படத்தோடு சேர்த்துவைத்தல் கடனாகும். அங்ஙனம் செய்யின் விநோதப் பொருளெனப்பட்ட வடிகட்டியும் வரலாற்றாசிரியனுக்கு நம்பத்தக்க துணையாகும்.