சாட்சி

பெயர்ச்சொல். நிகழ்ந்ததை நேரில் கண்டவர். கண்டதை மன்றத்தில் சொல்பவர். வடமொழி ‘சாக்ஷி’யிலிருந்து வந்தது, அதன் உள்ளே ‘அக்ஷம்’, அதாவது கண், இருக்கிறது. பழந்தமிழில் இதற்குக் ‘கரி’ என்று பெயர். 25ஆம் குறளில் வள்ளுவர் இப்பொருளில் ஆள்கிறார். சொன்னது சாட்சியம், சொன்னதிலிருந்து மாறுபவர் பிறழ்சாட்சி.

பிறழ்வதற்கு அச்சம் ஒரு முக்கியக் காரணம். அச்சத்தை மீறிப் பேசியவர்களும் உண்டு. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல்நிலையத்தில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும், கோவில்பட்டி கிளைச்சிறையில் அடைக்கப்பட்டபின், அவ்வூர் அரசு மருத்துவமனையில் அடுத்தடுத்து இறந்தார்கள். விசாரிக்கச் சென்ற கோவில்பட்டி நீதித்துறை நடுவரிடம், அதே நிலையத்தின் பெண் தலைமைக் காவலர், விடிய விடிய அடித்ததையும் லத்தியில் இருந்த இரத்தக்கறையையும் சொன்னார். உடன் வேலை பார்த்தவர்களுக்கு எதிரான சொல் அது. அவருக்கும் குடும்பத்துக்கும் பாதுகாப்பு அளிக்க உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது.

இத்தகைய பாதுகாப்பு அவருக்கு மட்டும் உரியதன்று. 2018 டிசம்பரில் உச்சநீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டப்படி, மிரட்டலுக்கு ஆளானவர் மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனுக் கொடுக்கலாம். போலீஸ் பாதுகாப்பு, அடையாள மறைப்பு, இடமாற்றம், குற்றம் சாட்டப்பட்டவரை நேரில் காணாமல் சாட்சியம் அளித்தல் ஆகியவை கிடைக்கலாம்.

சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்பது பழமொழி. கண்டவர் அஞ்சாமல் பேச வழி செய்தால்தான் பாதிக்கப்பட்டவர் எவர் காலிலும் விழ வேண்டியிராது.