கல்யாண வீடியோவில் காணாமல் போன பேண்டு

இந்த எபிசோடை ஒரு பழைய வீடியோ கேசட்டில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்க அப்பா அம்மா கல்யாணம் 1993-ல் பாப்பாரப்பட்டியில் நடந்தது. தர்மபுரி பக்கம். சுப்பிரமணிய சிவா 1925-ல் காலமான ஊர்னு சொன்னா சிலருக்குத் தெரியும். போன வருஷம் அந்தக் கேசட்டை டிஜிட்டலா மாத்திப் போட்டுப் பார்த்தோம். மாப்பிள்ளை அழைப்பு வருது. முன்னாடி பேண்டு செட். ஒருத்தர் கன்னம் உப்ப ட்ரம்பெட் ஊதுறார், பக்கத்தில் கிளாரினெட், பின்னாடி பெரிய டிரம். ஆனா காதில் விழுறது ஒரு சினிமாப் பாட்டு. வீடியோ எடுத்தவர் எடிட்டிங்கில் பேண்டு சத்தத்தைத் தூக்கிட்டு, அதுக்கு மேல பாட்டைப் போட்டுட்டார். அந்தக் காலத்துக் கல்யாண வீடியோ நிறைய இப்படித்தான் இருக்கும், உங்க வீட்டிலயும் பாருங்க.

"அவங்க நிஜமா என்னப்பா வாசிச்சாங்க?"ன்னு கேட்டேன். "முதல்ல மகா கணபதிம். சிந்து பைரவி படத்தில் வருமே, அது"ன்னார்.

மகா கணபதிம், முத்துசுவாமி தீட்சிதர் நாட்டை ராகத்தில் செய்த கீர்த்தனை. 1985-ல் வந்த அந்தப் படத்தில் யேசுதாஸ் பாடியிருக்கார். கச்சேரிக்கே போகாதவங்க காதுக்கும் கேசட் வழியா அது போய்ச் சேர்ந்தது. பேண்டுக்காரங்களும் அப்படித்தான் பிடிச்சிருக்கணும். இதில் வேடிக்கை என்னன்னா, அதுக்கு ஏறக்குறைய 200 வருஷம் முன்னாடி இதே தீட்சிதர்தான் பேண்டைக் கேட்டு மெட்டு எடுத்துக்கிட்டவர்.

அந்தக் கதைக்கு வர்றேன். தீட்சிதரோட அப்பா ராமசுவாமி தீட்சிதர். மணலி முதலியார் குடும்பம் ஆதரவு கொடுக்க, அவர் குடும்பத்தோட அப்போ சென்னைக்குப் பக்கத்தில் இருந்த மணலிக்கு வந்தார். மணலி முதலியார்களுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியோட நெருங்கின தொடர்பு. அதனால தீட்சிதர் சகோதரர்களுக்கு ஜார்ஜ் கோட்டையில் வாசிச்ச ஐரோப்பிய பேண்டு இசையைக் கேட்கிற வாய்ப்பு கிடைச்சது. தம்பி பாலுசுவாமி வயலினைக் கத்துக்கிட்டார். அண்ணன் அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். அதுதான் நோட்டுஸ்வரம். சுமார் 40 உருப்படிகள் இருக்கு.

பிரிட்டிஷ் ராஜ வாழ்த்து மெட்டில் 'சந்ததம் பாஹி மாம்' இருக்கு. 'சியாமளே மீனாட்சி'யைக் கேட்டா, அட, 'ட்விங்கிள் ட்விங்கிள்' மாதிரி இருக்கேன்னு தோணும். அது 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு மெட்டு. மொசார்ட்டும் அதை வச்சு பியானோவுக்கு 12 வேரியேஷன் எழுதியிருக்கார்.

எல்லாமே சங்கராபரணத்தில் ஏன் இருக்குன்னு கேட்பீங்க. ஐரோப்பிய மேஜர் ஸ்கேலும் சங்கராபரணத்தோட ஸ்வரங்களும் ஒண்ணுதான். வித்தியாசம் கமகத்தில். நாம ஒரு ஸ்வரத்தை அசைப்போம், வளைப்போம். நோட்டுஸ்வரத்தில் அந்த அசைவு கிடையாது, பேண்டு மாதிரி நேரா நிற்கும். அதனால பாட்டு கத்துக்கிற குழந்தைகளுக்கு இதை ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுக்கிறாங்க. தீட்சிதர் பரம்பரையில் வந்த சுப்பராம தீட்சிதர் 1905-ல் போட்ட ஆரம்பப் பாடப் புத்தகத்திலும் நோட்டுஸ்வரங்கள் இருக்கு. அச்சில் ஏறினதால அவை பிழைச்சது.

இப்போ எதிர்த் திசையைப் பாருங்க. கீர்த்தனையை பேண்டில் வாசிக்கிறது ரொம்பக் கஷ்டம். ட்ரம்பெட்டில் மூணே வால்வு. கமகத்தை உதட்டாலயும் மூச்சாலயும்தான் கொண்டு வரணும். ஆனாலும் செஞ்சாங்க. தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி காலத்திலேயே அரண்மனை பேண்டு இருந்தது. மைசூர் அரண்மனையில் ஆங்கில பேண்டு தனி, கர்நாடக பேண்டு தனி. அந்த அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கினவர்தான் கத்ரி கோபால்நாத். 'டூயட்' படத்தில் நீங்க கேட்ட சாக்ஸபோன் அவரோடது. மைசூர் எங்க ஊருக்கு ரொம்பத் தூரம்னு நினைச்சுடாதீங்க. தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அடங்கின பாராமகால், 1792 வரைக்கும் மைசூர் அரசோட பகுதி. அந்த வருஷம்தான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான்கிட்ட இருந்து கம்பெனி கைக்கு வந்தது.

ஆக, கோட்டை பேண்டு தீட்சிதருக்குக் கொடுத்தது புத்தகத்தில் இருக்கு. தீட்சிதர் கீர்த்தனையை பாப்பாரப்பட்டி பேண்டு என்ன செஞ்சதுன்னு எங்கயும் இல்லை. அரண்மனையில் வாசிச்சவங்களைப் பத்தி எழுதி வச்சாங்க. கல்யாணத்துக்கும் சாவுக்கும் கூலிக்கு வாசிச்சவங்களைப் பத்தி யாரும் எழுதலை. இந்தியாவில் 1902-லேயே இசைத்தட்டுக்குப் பதிவு செய்ய ஆரம்பிச்சுட்டாங்க. 1980-களில் கேசட் வந்ததும் பாட்டு கேட்கிற செலவும் குறைஞ்சது. பேண்டுக்காரங்களுக்கு அது கேட்டுப் படிக்க உதவுச்சு. அவங்க வாசிச்சது திரும்பி கேசட்டுக்குப் போகலை.

செலவில்லாம எங்கே கேட்கலாம்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. நோட்டுஸ்வரம்னு தமிழில் தேடினாலே யூடியூபில் கிடைக்கும். கிளாரினெட்டில் கர்நாடக இசை வேணும்னா ஏ.கே.சி. நடராஜன் பேரைப் போடுங்க. மைசூர் தசராவில் போலீஸ் பேண்டு கர்நாடக இசை வாசிக்கிற வீடியோவும் இருக்கு. பழைய இசைத்தட்டுக்கு இணைய ஆவணக் காப்பகமான ஆர்கைவ் தளம் நல்ல இடம். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவோட காப்புரிமை, வெளியான வருஷம் முடிஞ்சதில் இருந்து 60 வருஷம். 1960-ல் வெளியான தட்டுன்னா 2020 கடைசியோட அந்தப் பதிவுரிமை முடிஞ்சது. பாட்டை எழுதினவர், மெட்டுப் போட்டவர் உரிமை வேற கணக்கு. தீட்சிதருக்கு அந்தப் பிரச்சினையே இல்லை, அவர் 1835-லேயே மறைஞ்சுட்டார்.

ஆனா எங்க ஊர் பேண்டை எந்த விலை கொடுத்தாலும் வாங்க முடியாது. பதிவே இல்லை.

கடைசியா அப்பாகிட்ட, "ஞாபகம் இருக்கிற வரைக்கும் வாயாலயே வாசிச்சுக் காட்டுங்க"ன்னேன். கூச்சப்பட்டார். அம்மா சிரிச்சாங்க. அப்புறம் தொடையில் தட்டிக்கிட்டே ட்ரம்பெட் மாதிரி ஊதிக் காட்டினார். படத்தில் வர்றதை விட வேகம். நடந்துக்கிட்டே வாசிச்சதாச்சே, கால் நடைக்கு ஏத்த வேகம். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, "இங்கே டிரம் மட்டும் வரும்"னு சொல்லிட்டுத் திரும்ப ஆரம்பிச்சார். மொத்தம் 40 செகண்ட். போனில் பதிஞ்சு வச்சிருக்கேன்.

அடுத்த தடவை உங்க தெருவில் பேண்டு செட் வந்தா, அவங்ககிட்ட கேட்டுட்டு ஒரு பாட்டு முழுசா பதிவு பண்ணுங்க. வாசிச்சவங்க பேரை அவங்க வாயாலயே சொல்லச் சொல்லி அதுலயே சேர்த்துக்கோங்க. ஏதாவது கையில் கொடுக்கவும் மறக்காதீங்க. வீடியோவை எடிட் பண்றப்போ சத்தத்தை மட்டும் எடுத்துடாதீங்க.