திரும்பி வராத கார்பன்: மிதவையுயிரிகளும் ஒரு மூச்சுக் கணக்கும்

நாம் இழுக்கும் ஒவ்வோர் இரண்டாவது மூச்சும் கடல் தந்தது என்ற வாக்கியம் பள்ளிச் சுவர் முதல் மேடைப் பேச்சு வரை வேரூன்றிவிட்டது. அதைச் சொல்பவர்களின் நோக்கத்தில் பழுதில்லை, கணக்கில்தான் பழுது. கண்ணுக்குத் தெரியாத மிதவையுயிரிகள் பூமியின் வரலாற்றைத் திருப்பிப்போட்டது உண்மை. ஆனால் அந்த வேலையைச் செய்தது அவற்றின் விளைச்சல் முழுவதும் அல்ல. விளைச்சலில் யாருக்கும் உணவாகாமல் மண்ணுக்குள் போய்விட்ட ஒரு சிறு பங்கு. அந்தப் பங்கை விட்டுவிட்டு விளைச்சலை மட்டும் அளந்தால் கடந்த காலமும் பிடிபடாது, வரப்போவதும் பிடிபடாது என்பது இக்கட்டுரையின் வாதம்.

‘பாதி’ என்ற எண் ஆதாரமற்றது அன்று. கிறிஸ்டோபர் ஃபீல்டும் உடனாய்வாளர்களும் 1998இல் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு உலகத்தின் நிகர ஒளிச்சேர்க்கையைக் கணக்கிட்டார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 10,500 கோடி டன் கார்பன். அதில் கடலின் பங்கு சுமார் 46 விழுக்காடு. நிலத் தாவரங்கள் தங்கள் உடலில் ஏறத்தாழ 45,000 கோடி டன் கார்பனைத் தாங்கி நிற்கின்றன. கடலின் தாவர மிதவையுயிரிகளை ஒன்றாகக் கூட்டினால் 100 கோடி டன் அளவுக்குத்தான் தேறும். இவ்வளவு சிறிய முதலை வைத்துக்கொண்டு ஏறக்குறைய பாதி விளைச்சலைத் தருகின்றன என்றால், ஒரு வாரம் பத்து நாளுக்குள் மொத்த முதலும் ஒரு முறை உண்ணப்பட்டும் மடிந்தும் புதிதாகப் பிறந்தும் ஆகவேண்டும். வியக்க வேண்டிய இடம் இதுதான். மூச்சுக் கணக்கு சறுக்குவதும் இதே இடத்தில்தான்.

ஒளிச்சேர்க்கையில் ஓர் அணு கார்பன் கட்டப்படும்போது ஒரு மூலக்கூறு ஆக்சிஜன் வெளியாகிறது. அந்தக் கார்பனை ஒரு விலங்கு தின்று செரித்தாலும், பாக்டீரியா மக்கவைத்தாலும், அதே அளவு ஆக்சிஜன் செலவாகிவிடுகிறது. விளைந்ததை அந்தப் போகத்திலேயே தின்று தீர்க்கும் குடும்பத்தின் பத்தாயத்தில் நெல் சேராது. கடல் அப்படிப்பட்ட குடும்பம்: தான் வெளியிடும் ஆக்சிஜனில் ஏறக்குறைய முழுவதையும் தானே செலவழித்துவிடுகிறது. (காடும் அப்படித்தான். ‘பூமியின் நுரையீரல்’ என்று அமேசானைப் புகழ்வோரும் இதே பிழையைச் செய்கிறார்கள்.)

காற்றில் இருக்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ 12 கோடி கோடி டன். நிலத் தாவரங்களும் மிதவையுயிரிகளும் தங்கள் சுவாசம் போக ஓராண்டில் வெளியிடுவது சுமார் 28,000 கோடி டன். வகுத்துப் பார்த்தால் கையிருப்பு நாலாயிரம் ஆண்டு வருமானத்துக்கும் மேல். புவிவேதியியலாளர் வாலஸ் பிரோக்கர் 1970இலேயே இதைச் சுட்டிக்காட்டினார்: இன்று உயிரோடிருக்கும் அத்தனை பொருளையும் கொளுத்தினாலும் காற்றின் ஆக்சிஜன் ஒரு விழுக்காடுகூடக் குறையாது. நாம் இழுக்கும் மூச்சு, இன்றைய கடலின் வரவிலிருந்து அல்ல, கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த இருப்பிலிருந்து வருகிறது. கார்பன் மண்ணுக்குள் போய், அதைத் திரும்ப எரிக்க யாரும் இல்லாமல் போனதால் மிஞ்சிய ஆக்சிஜன் அது.

அந்தக் கார்பன் கீழே போகும் வழியைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். தனியாக மிதக்கும் நுண்பாசிச் செல் ஒன்று நாளைக்கு ஒரு மீட்டர்கூட மூழ்குவதில்லை. கடலின் சராசரி ஆழம் சுமார் 3,700 மீட்டர். அந்தச் செல் அடித்தளம் சேரப் பத்தாண்டுக்கு மேல் ஆகும், அதற்குள் அது கரைந்தே போயிருக்கும். ஆனால் கோப்பிபாட் என்னும் சிறு ஓட்டுடலி, அரிசிக் குருணை அளவுகூட இல்லாத இறால் உறவு, நூற்றுக்கணக்கில் இந்தச் செல்களை வடிகட்டித் தின்கிறது. செரியாத ஓடுகளையும் மிச்சத்தையும் மெல்லிய சவ்வுறையில் இறுகச் சுற்றி எச்சமாக விடுகிறது. அந்தப் பொட்டலம் ஒரே நாளில் பத்து மீட்டரும் இறங்கும், சில சமயம் நூறு மீட்டரையும் தாண்டும். மேலே தினமும் விளைவதில் கடலடிச் சேற்றில் நிலையாகப் புதைவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆயிரம் மீட்டருக்குக் கீழே இறங்கிய கார்பன் நூற்றாண்டுகளுக்குக் காற்றுக்குத் திரும்பாது. சேற்றில் புதைந்ததோ பல கோடி ஆண்டுகளுக்குத் திரும்பாது. பூமியின் வரலாற்றை எழுதியதில் இந்த எச்சத்துக்குப் பங்கு பெரிது என்று சொன்னால் சிரிப்பு வரலாம். சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் ஆக்சிஜன் நிலைத்தது. அதை வெளியிட்டவை ஒளிச்சேர்க்கை செய்யும் சயனோபாக்டீரியாக்கள். வெளியிட்ட மாத்திரத்தில் அது சேரவில்லை. எரிமலை வாயுக்களும் கடல்நீரில் கரைந்திருந்த இரும்பும் முதலில் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டன. அக்காலக் கடல்களில் படிந்த இரும்பு உலகெங்கும் வரிப்பாறைகளாக நிற்கிறது. சேலத்துக் கஞ்சமலையின் காந்தக்கல் பாறையும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: புதைத்தது கடல் மட்டுமன்று. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் சதுப்புக் காடுகள் நிலக்கரியாகப் புதைந்த காலத்தில்தான் ஆக்சிஜன் இன்றைய அளவை விஞ்சியது. என் வாதம் கடலுக்காக அல்ல, புதைவுக்காக.

விளைச்சலும் புதைவும் தனித்தனி என்பதற்கு வரலாறே ஒரு சோதனை வைத்திருக்கிறது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்தபோது ஓடு கட்டும் ஒருசெல் உயிரிகளான மிதவை வாழ் ஃபொராமினிஃபெராக்களில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேலான சிற்றினங்கள் அழிந்தன. கடல் மேற்பரப்பில் வாழ்ந்தவற்றின் ஓடுகளையும் அடித்தளத்தில் வாழ்ந்தவற்றின் ஓடுகளையும் ஒப்பிட்டால், கார்பன் ஆழத்துக்கு இறங்குவதால் இரண்டின் கார்பன் ஐசோடோப்பு விகிதங்களுக்கு இடையே வழக்கமாக இருக்கும் வேறுபாடு அந்தப் படிவுகளில் மறைந்துபோயிருக்கிறது. புவியியலாளர் கென்னத் ஷூ முதலானோர் இதைக் கடல் செத்ததன் அடையாளமாகப் படித்தார்கள். ஸ்டீவன் டி’ஹோண்ட்டும் உடனாய்வாளர்களும் 1998இல் வேறு விளக்கம் தந்தார்கள்: மேலே விளைச்சல் சீக்கிரமே மீண்டிருக்கும், ஆழத்துக்கு இறங்கும் கார்பன் பழைய நிலைக்கு வரத்தான் 30 லட்சம் ஆண்டு பிடித்தது. பெரிய செல்களும் அவற்றைத் தின்று பொட்டலம் கட்டும் விலங்குகளும் மீண்டும் உருவாகும்வரை கடல் பச்சையாக இருந்தும் கீழே அனுப்பியது குறைவே. இரண்டாம் விளக்கமே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. அண்மைக்காலச் சோதனை ஒன்றும் அதே பாடத்தைத்தான் தருகிறது.

2009 தொடக்கத்தில் இந்திய, ஜெர்மன் ஆய்வாளர்கள் போலார்ஸ்டர்ன் கப்பலில் தெற்கு அட்லாண்டிக் சென்று, ஒரு கடற்சுழியில் சுமார் 300 சதுரக் கிலோமீட்டர் பரப்புக்கு இரும்பு உப்பு கரைத்து விட்டார்கள். எஸ்.டபிள்யூ.ஏ. நக்வியும் விக்டர் ஸ்மெட்டாசெக்கும் தலைமை தாங்கிய அந்த ஆய்வின் பெயர் லோஹாஃபெக்ஸ். லோஹா என்றால் இந்தியில் இரும்பு. இரும்பைப் போட்டதும் நுண்பாசி பெருகியது. ஆனால் அந்த நீரில் சிலிக்கா குறைவு, அதனால் கனமான ஓடு கட்டும் டயட்டங்கள் தலையெடுக்கவில்லை. பெருகிய மென்செல்களைக் கோப்பிபாட்கள் தின்றன, கோப்பிபாட்களை அவற்றைவிடப் பெரிய ஓட்டுடலிகளான ஆம்ஃபிபாட்கள் தின்றன, ஆழத்துக்குப் போன கார்பன் சொற்பம். இதே ஸ்மெட்டாசெக் 2004இல் சிலிக்கா மிகுந்த தென்கடல் நீரில் செய்த சோதனையிலோ டயட்டங்கள் செழித்து மடிந்தன. அந்த மலர்ச்சியின் பாதிக்கு மேல் ஆயிரம் மீட்டரையும் தாண்டி இறங்கியது. இரும்பு ஒன்றுதான், நீர் வேறு. மேலிருந்து பார்த்தால் இரண்டும் பச்சை.

மூச்சு வாசகம் இங்கேதான் தீங்கு செய்கிறது. கடல் சூடேறினால் மூச்சு முட்டும் என்ற பொய்யான அச்சத்தை அது தருகிறது, நடக்கக்கூடியதை மறைக்கிறது. மேல்நீர் சூடாகி இலேசானால் ஆழத்துச் சத்து மேலே கலப்பது குறையும். அந்நிலையில் டயட்டங்களைவிடப் புரோகுளோரோகாக்கஸ் போன்ற, ஒரு மைக்ரோமீட்டரும் தேறாத செல்களுக்கே சாதகம். அவை விளைவிக்கும், தங்கள் எடையால் மூழ்கா. விளைச்சல் எண் பெரிதாக மாறாமலேயே கடலின் வேலை மாறிவிடலாம்.

ஆகவே அளவீடும் கீழே போக வேண்டும். செயற்கைக்கோள் காண்பது மேற்பரப்பின் நிறத்தை மட்டுமே. 1986இல் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஹாம்பர்க் பல்கலைக்கழகமும் அரபிக் கடலின் மேற்கு, நடு, கிழக்குப் பகுதிகளில் படிவுப் பொறிகளை இறக்கின. வாயகன்ற ஒரு புனல், அடியில் சுழலும் குப்பிகள். நாட்கள் நகர நகரக் குப்பி மாறும். மாதக்கணக்கில் சேர்ந்த குப்பிகளைத் திறந்தபோது, தென்மேற்குப் பருவக்காற்று வீசிய மாதங்களிலும் வடகிழக்குப் பருவ மாதங்களிலும் படிவு கூடியிருந்தது. இடைப்பட்ட மாதங்களின் குப்பிகளில் அந்த அளவு இல்லை.