பாப் டிலனின் 'பிளைண்ட் வில்லி மெக்டெல்': ஓர் அஞ்சலிப் பாட்டு நமக்கு என்ன சொல்கிறது?

அஞ்சலிப் பாட்டுன்னா, மறைந்த கலைஞரின் வாழ்க்கையையும் பெருமையையும் சொல்லும்னு எதிர்பார்ப்போம். பாப் டிலனின் 'பிளைண்ட் வில்லி மெக்டெல்' அப்படியில்லை. தலைப்பில் ஒரு கலைஞரின் பெயர் இருக்கிறது. அவருடைய வாழ்க்கைக் கதை பாட்டில் இல்லை.

யார் இந்த மெக்டெல்?

அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த, பார்வையற்ற கறுப்பின புளூஸ் கலைஞர். 12 கம்பி கித்தார் வாசித்தவர். 1927-இல் முதல் இசைத்தட்டுப் பதிவு. 1928-இல் 'ஸ்டேட்ஸ்போரோ புளூஸ்'. 1959-இல் மறைந்தார்.

டிலன் எப்போது பாடினார்?

1983-இல் பதிவு செய்தார். டிலன் பியானோ, மார்க் நாஃப்லர் கித்தார். அந்த ஆண்டு வந்த 'இன்ஃபிடெல்ஸ்' ஆல்பத்தில் பாட்டு இடம்பெறவில்லை. 1991-இல்தான் வெளியானது.

பாட்டின் பொருள் என்ன?

அடிமைக் கப்பல், சாட்டை, எரியும் பெருந்தோட்டம், சங்கிலியில் பிணைக்கப்பட்ட கைதிகள் என்று காட்சிகள் வருகின்றன. இந்த வலியை மெக்டெல் போலப் பாட ஆளில்லை என்பதே ஒவ்வொரு பகுதியின் முடிவும். அந்த 'ஆளில்லை'-இல் டிலனும் அடக்கம். வெளியிலிருந்து பார்க்கும் எனக்கு இது பாட வராது என்று பாடியே ஒத்துக்கொள்கிறார். மெக்டெல் ஆட்டப் பாட்டும் பக்திப் பாட்டும் பாடியவர்தான். இங்கே அவர் பெயர் ஒரு சமூகத்தின் குரலுக்கே அடையாளமாகிறது.

நம் தோட்டங்களோடு என்ன தொடர்பு?

ரந்தாவ், லிங்கி, பகாவ் பக்கம் பால்மரம் வெட்டிய தமிழர்கள் அடிமைகளாக வரவில்லை. ஒப்பந்தக் கூலிகளாகவும் கங்காணி வழியாகவும் வந்தார்கள். இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. ஆனால் பெரட்டு, கங்காணி, கிராணி, சயாம் மரண ரயில் என்று மலாயாத் தோட்ட மக்களும் பட்டதைப் பாட்டில்தான் வைத்தார்கள். தாலாட்டிலும் ஒப்பாரியிலும் கூட.

ஒரு பெரிய வித்தியாசம்: மெக்டெல்லுக்கு இசைத்தட்டு இருந்தது. லயத்துப் பெண்களின் பாட்டு பெரும்பாலும் நினைவில் மட்டுமே இருந்தது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாற, பாடியவர்களும் கேட்டவர்களும் சிதறினார்கள். முத்தம்மாள் பழனிசாமி போன்ற சிலர் தோட்டப் பாடல்களைத் தேடிச் சேகரித்தார்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

வீட்டில் பாட்டி பழைய பாட்டை முணுமுணுத்தால், ஃபோனை எடுத்துப் பதிவு பண்ணுங்க. பாடியவர் பெயர், தோட்டத்தின் பெயர், யாரிடம் கேட்டுக் கற்றது என்பதையும் எழுதி வையுங்க. டிலன் தன் பாட்டுக்குத் தலைப்பு வைக்க ஒரு பெயர் மிஞ்சியிருந்தது. நம் பாட்டிகளுக்கும் அது மிஞ்சணும்.