மூடம் யாருக்கு?

திருமண நாள் குறிக்கப் பஞ்சாங்கத்தைப் புரட்டும் இல்லங்களில் ‘குரு மூடம்’, ‘சுக்கிர மூடம்’ என்னும் சொற்களைக் கேளாதார் சிலரே. வியாழனோ வெள்ளியோ சூரியனை நெருங்கி ஒளி இழந்து நிற்கும் காலம் அஃது என்றும், அக்காலத்தில் மணவினை, புதுமனை புகுதல் முதலிய நற்காரியங்கள் ஆகா என்றும் சோதிடர் கூறுவர். வடமொழியில் இதற்கு அஸ்தங்கதம், மௌட்டியம் என்று பெயர். ஐரோப்பியச் சோதிடரோ அந்நிலையில் உள்ள கோளை ‘எரிந்த கோள்’ என்றே அழைத்தனர். இக்கொள்கை எங்கே தோன்றியது, எவ்வாறு வளர்ந்தது என்பதை வரலாற்று முறையில் ஆராய்வதே யாம் இங்கு மேற்கொண்ட பணியாகும்.

முதற்கண், வானத்தில் நிகழ்வது யாதெனக் காண்போம். மோட்டார் வண்டியின் முகவிளக்குக்கு அருகே ஏற்றிய மெழுகுவர்த்தி எதிரே நிற்பவர் கண்ணுக்குப் புலப்படாது. அதனால் மெழுகுவர்த்தி அணைந்துபோயிற்று என்று எவரும் சொல்லார். நாம் பார்க்கும் திசையில் ஒரு கோள் சூரியனுக்கு அண்மையில் அமையுமாயின், விடியலின் வெளிச்சமோ அந்தியின் வெளிச்சமோ அதனை மறைத்துவிடுகிறது. சில நாளோ சில வாரமோ கழிந்து அது மீண்டும் தோன்றுகிறது. வியாழன் ஏறத்தாழ 399 நாளைக்கு ஒருமுறை ஒரு மாத அளவு இவ்வாறு மறையும். வெள்ளி 584 நாளில் இருமுறை மறையும்: நமக்கும் சூரியனுக்கும் இடையே வரும்போது ஒரு வாரம் பத்து நாள், சூரியனுக்கு அப்பால் செல்லும்போது இரண்டு மாத அளவு. வியாழனோ சூரியனிலிருந்து ஏறத்தாழ 78 கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ‘மூடம்’ என்று சொல்லும் நாளில் அது சூரியனைக் கிட்டி நெருங்குவதுமில்லை, வெந்து கருகுவதுமில்லை.

இம்மறைவை எழுதிவைத்த மிகப் பழைய மக்களுள் பாபிலோனியர் தலையாயவர். ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன், அம்மிசதூகா என்னும் அரசன் காலத்தில், வெள்ளி எந்நாளில் மறைந்தது, எந்நாளில் மீண்டது என்பதை 21 ஆண்டுக்குக் குறித்துவைத்தனர். நினிவே நகரின் அழிபாடுகளில் கிடைத்த களிமண் ஏடுகளில் அக்குறிப்பின் படிகள் கிடைத்தன. அவை இலண்டன் பிரிட்டிஷ் கண்காட்சிச் சாலையில் உள்ளன. மறைந்து மீளும் நாளுக்கேற்ப மழை, விளைச்சல், போர், சமாதானம் என்று பலன் சொல்வதும் அவ்வேட்டிலேயே உண்டு. கடலுக்கு அப்பால், நடு அமெரிக்காவில் வாழ்ந்த மாயா மக்களும் வெள்ளியின் 584 நாளையும் பகுத்து, 236 நாள் விடிவெள்ளி, 90 நாள் மறைவு, 250 நாள் மாலை வெள்ளி, 8 நாள் மறைவு என எழுதினர். ஒருவரையொருவர் அறியாத இருவகை மக்கள் ஒரே வானை இத்துணைப் பொறுமையோடு கண்டனர் என்பது வியப்பன்றோ!

நம் முன்னோரும் வானை நோக்கியவரே. வெள்ளி தென்திசை சாய்தலை மழைக்குறைவோடு இணைத்து எண்ணும் வழக்கம் பட்டினப்பாலையில் காணப்படுகிறது. ஆண்டாளின் திருப்பாவை, விடியலை அறிய வெள்ளியையும் வியாழனையும் ஒருங்கே சுட்டுகிறது. அதனைக் கொண்டு அவர் காலத்தைக் கணிக்க முயன்ற அறிஞரும் உளர்.

இனி, இவ்வாராய்ச்சியின் உயிர்நிலைக்கு வருவோம். எத்தனை பாகைக்குள் வந்தால் ஒரு கோள் மறையும்? ஆரியபட்டர் கி.பி. 499-ல் இயற்றிய நூலில் வெள்ளிக்கு 9, வியாழனுக்கு 11, புதனுக்கு 13, சனிக்கு 15, செவ்வாய்க்கு 17 என்று அளவு தருகிறார். இவை காலத்தால் அளந்த பாகைகள். ஆறு பாகை ஒரு நாழிகை. இவ்வெண்கள் செல்லும் வரிசையை வாசகர்கள் ஊன்றி நோக்குக. கண்ணுக்குப் பெரிதாய்த் தோன்றும் ஒளிமிக்க வெள்ளிக்கு எல்லை குறுகியது. சிறிதாய்த் தோன்றும் கோளுக்கு எல்லை அகன்றது. சூரிய சித்தாந்தம் இதனை இன்னும் தெளிவாக உரைக்கிறது. வெள்ளி நமக்கு அண்மையில் வக்கிரமாய்ச் செல்லும்போது 8 பாகை என்றும், தொலைவில் உள்ளபோது 10 பாகை என்றும் பிரித்து, அண்மையில் பெரிதாகவும் தொலைவில் சிறிதாகவும் தோன்றுவதே காரணம் என்று அந்நூலே விளக்கம் தருகிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, வேறொரு முறையில் அளந்து, வெள்ளிக்கு 5 பாகை என்றும் செவ்வாய்க்கு 11½ பாகை என்றும் எழுதினார். அங்கும் வெள்ளிக்கே எல்லை மிகக் குறுகியது. செவ்வாய்க்கே மிக அகன்றது.

இதனால் பெறப்படுவது யாது? கோளின் வலிமையையோ நலிவையோ அளக்க இவ்வெண்கள் எழுந்தவையல்ல. மனிதன் கண்ணுக்கு அது புலனாகும் எல்லையை அளக்கவே எழுந்தன. கணித நூலார் ‘காணவில்லை’ என்று எழுதினர். பலன் நூலார் அதனையே ‘வலிமையில்லை’ என்று படித்தனர். நாள் பார்ப்போர் ‘மணம் கூடாது’ என்று முடித்தனர். பார்வையைப் பற்றிய செய்தி படிப்படியாக விதியைப் பற்றிய தீர்ப்பாயிற்று.

மேனாட்டிலும் இதே கதைதான். கிரேக்க மொழியில் எழுதிய பண்டைச் சோதிடர், எல்லாக் கோளுக்கும் பொதுவாக 15 பாகை என்று ஓர் எல்லை வகுத்துக்கொண்டனர். ஒளி மிக்கதும் மங்கியதும் ஓரெல்லையில் மறையா என்பதை வானைப் பார்ப்பவன் அறிவான். ஏட்டை மட்டும் பார்ப்பவனுக்கு அக்கவலை இல்லை. வில்லியம் லில்லி என்னும் ஆங்கிலச் சோதிடர் 1647-ல் வெளியிட்ட நூலில், 8½ பாகைக்குள் வந்த கோள் எரிந்து கெட்டது என்றார். அவரே, 17 கலைக்குள், அதாவது பாகையில் மூன்றில் ஒரு பங்கும் இல்லாத அளவுக்குள், வந்த கோள் மிக வலிமை பெறும் என்றும் எழுதினார். அரபு நூல்வழி ஐரோப்பா பெற்ற கருத்து இது. அருகில் சென்றால் அழியும், மேலும் அருகில் சென்றால் செழிக்கும் என்பது எந்த நெருப்பின் இயல்போ, அறியோம்!

நம் நாட்டுச் சோதிடத்திலும் இம்முரண் உண்டு. புதன் சூரியனைவிட்டு 28 பாகைக்கு மேல் விலகுவதே இல்லை. சூரிய சித்தாந்தத்தின் 12, 14 பாகைகளை எல்லையாகக் கொண்டு கணக்கிட்டால், பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்க்குப் புதன் அஸ்தங்கதமாகவே அமையும். புதனோ கல்விக்குரிய கோள் என்பர். ஆயின், புதனும் சூரியனும் கூடிநிற்பது புதாதித்திய யோகம், அஃது அறிவைப் பெருக்கும் என்று கூறுவதும் இதே சோதிடந்தான். ஒரு குழந்தையின் ஒரே கட்டத்தைப் பார்த்து ஒருவர் மேதை என்னலாம். மற்றொருவர் மந்தன் என்னலாம்.

இது நகைத்து விடுவதற்குரிய செய்தியன்று. தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கும் யாம், ‘இவனுக்குப் புதன் கெட்டிருக்கிறது, படிப்பு ஏறாது’ என்று சொல்லிப் பிள்ளையின் படிப்பில் அக்கறை விட்ட பெற்றோரைக் கண்டிருக்கிறோம். மண்டபத்துக்கு முன்பணம் கட்டியபின், மூடம் என்று ஒருவர் சொன்ன சொல்லுக்காக நாளைத் தள்ளிவைத்து, அப்பணத்தை இழந்து, பரிகாரத்துக்கு வேறு கடன் வாங்கிய குடும்பங்களையும் கண்டிருக்கிறோம். அவர்கள் இழந்தது வியர்வை சிந்தி ஈட்டிய கூலி.

இவ்வறியாமையைப் போக்க முயன்றவர் தமிழகத்திலேயே இருந்தனர். சென்னை வானாய்வுக் கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் 1867-ல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1872-ல் இலண்டன் அரச வானியற் கழகத்தின் உறுப்பினரானவர். 1874 டிசம்பர் 9-ல் வெள்ளி சூரியன் முகத்தைக் கடந்து செல்லவிருந்ததை முன்னிட்டு, பொதுமக்களுக்காக உரையாடல் வடிவில் ஒரு சிறுநூல் எழுதினார். அஃது இந்திய மொழிகள் சிலவற்றிலும் வெளிவந்தது. வானில் கண்டதோடு ஒத்துவருமாறு பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்றும் அவர் பாடுபட்டார். பழமையில் தோய்ந்த அவரே, ஏட்டைக் கண்ணால் சரிபார் என்றார் என்பது கருதத்தக்கது.

2012 ஜூன் 6-ஆம் நாள் அதே காட்சி மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் காலை முதல் நண்பகல் கடக்கும்வரை காணக் கிடைத்தது. சூரிய வட்டத்தின் மேல் ஒரு சிறு கரும்பொட்டாக வெள்ளி ஊர்ந்து சென்றது. அதைவிடப் பெரிய ‘மூடம்’ வெள்ளிக்கு உண்டோ? சில நாள் கழித்து அது விடிவெள்ளியாய்ப் பழைய பொலிவோடு எழுந்தது. மீண்டும் அக்காட்சி 2117-ல்தான் வரும். 1995-ல் ஏவப்பட்ட சோஹோ என்னும் விண்கலம் சூரியனின் வட்டத்தைத் தட்டால் மறைத்துப் படமெடுத்தது. ‘எரிந்த’ எல்லைக்குள் நிற்கும் கோள்கள் அப்படங்களில் வெண்மணிபோல் ஒளிர்கின்றன.

அன்பர்களே! பொறுமையோடு வானைக் கண்டு எண்ணெழுதிய பண்டையோரை யாம் வணங்குகிறோம். அவர்கள் விட்டுச்சென்ற எண்கள் இன்றும் உண்மை பேசுகின்றன. அவற்றைத் தடையுத்தரவாக மாற்றியது பின்னோர் பிழை. ஆதலின், திருமணத்துக்கு நாள் குறிக்கும்போது பிள்ளைகளின் மனம் ஒத்ததா, கையில் பொருள் உண்டா, உறவினர்க்கு விடுமுறை கிடைக்குமா என்று பாருங்கள். பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லையெனில் அவன் கண்பார்வையையும் பசியையும் ஆசிரியரையும் கேளுங்கள். வெள்ளி சில நாள் நமக்குத் தெரியாமல் இருக்கும். பின்னர்த் தானே வரும். அதற்காக நம் வீட்டு விளக்கை அணைத்து வைக்க வேண்டுவதில்லை.