இரைச்சல் நீக்கும் காதொலிப்பான்

இரைச்சல் நீக்கும் காதொலிப்பான் என்பது, சுற்றுப்புற ஓசை செவியை அடைவதைக் குறைத்து, பாடலோ பேச்சோ தெளிவாகக் கேட்க உதவும் ஒரு மின்னணுக் கருவியாகும். பொதுவழக்கில் காதொலிப்பான் ஹெட்போன் என்றும், காதினுள் பொருந்தும் சிறிய வகை இயர்போன் அல்லது இயர்பட் என்றும் அழைக்கப்படுகின்றன. வானூர்தி, தொடர்வண்டி, பேருந்து ஆகியவற்றில் பயணம் செய்வோர் இவற்றைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர்.

இரைச்சலைக் குறைக்க இரு வழிகள் உள்ளன. ஒலி நுழையும் வழியை மெத்தையாலோ நுரையாலோ அடைப்பது ஒன்று. இரைச்சலுக்கு எதிரான அலையை உருவாக்கி அதனை அழிப்பது மற்றொன்று. இக்கட்டுரையில் இவை முறையே அடைப்பு முறை, எதிரலை முறை எனக் குறிக்கப்படுகின்றன. விளம்பரங்களில் ஏ.என்.சி எனக் குறிக்கப்படுவது எதிரலை முறையாகும்.

வரலாறு

ஒலியை ஒலியால் அழிக்கும் கருத்துக்கு செருமானியரான பால் லூயெக் 1930களில் காப்புரிமை கோரினார். அவருக்கு அமெரிக்கக் காப்புரிமை 1936ஆம் ஆண்டு வழங்கப்பட்டது. எனினும் அக்காலத்து மின்னணுவியல் அதனைச் செயற்படுத்தும் அளவுக்கு வளர்ந்திருக்கவில்லை. 1950களில் லாரன்சு ஃபோகெல் என்பவர் உலங்குவானூர்தி, வானூர்தி ஆகியவற்றின் ஓட்டுநர் அறை இரைச்சலை நீக்கும் அமைப்புகளை வடிவமைத்தார்.

இத்துறையின் முக்கியமான திருப்பம் அமர் போசு என்பவரால் நிகழ்ந்தது. வங்காள விடுதலைப் போராட்ட வீரர் ஒருவரின் மகனான இவர், அமெரிக்காவின் மாசாச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1978இல் சூரிச்சிலிருந்து பாசுடனுக்குப் பறந்தபோது, வானூர்தியில் தரப்பட்ட காதொலிப்பானின் இசையை எந்திர இரைச்சல் மூழ்கடித்ததைக் கண்ட அவர், பயணத்தின்போதே தீர்வுக்கான கணக்குகளைப் போடத் தொடங்கினார். அவரது நிறுவனம் 1989இல் வானோடிகளுக்கான கருவியையும், 2000ஆம் ஆண்டில் பொதுமக்களுக்கான கருவியையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2010களின் இறுதியில் இத்தொழில்நுட்பம் கம்பியற்ற சிறு காதுப்பொறிகளிலும் இடம்பெற்றது.

செயற்படும் முறை

ஒலி என்பது காற்றழுத்தத்தில் ஏற்படும் ஏற்ற இறக்கமாகும். ஓர் அலையின் முகடும் மற்றோர் அலையின் அகடும் ஒரே இடத்தில் சம அளவில் சந்தித்தால் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். கருவியிலுள்ள ஒலிவாங்கி வெளியோசையை உணர்கிறது. நுண்செயலி அதன் தலைகீழ் வடிவத்தைக் கணிக்கிறது. ஒலிபெருக்கி அதனைப் பாடலுடன் சேர்த்து வெளியிடுகிறது. ஒலிவாங்கி காதுக்கு வெளியே மட்டும் இருக்கலாம், உள்ளே மட்டும் இருக்கலாம், அல்லது இரு இடங்களிலும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்த கலப்பு வகையே பொதுவாகக் கூடுதல் பயன் தரும்.

எதிரலை முறை எல்லா ஓசைகளையும் ஒரே அளவில் நீக்குவதில்லை. காற்றில் 100 ஹெர்ட்சு ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர், 4000 ஹெர்ட்சு ஒலிக்கு அது சுமார் 8.6 சென்டிமீட்டர் மட்டுமே. அலைநீளம் குறையக் குறைய, கணிப்பில் ஏற்படும் மிகச்சிறு தாமதமும் பொருத்தத்தைக் கெடுத்துவிடும். ஆகவே இம்முறை சுமார் 1000 ஹெர்ட்சுக்குக் கீழான, தொடர்ச்சியான ஓசைகளிலேயே நன்கு செயற்படுகிறது. பேருந்து எந்திரத்தின் உறுமல், வானூர்தியின் முழக்கம், குளிரூட்டியின் ஓசை ஆகியன இவ்வகையின. குழந்தையின் அழுகை, ஊதல், பாத்திரம் விழும் ஓசை போன்ற உயர் அதிர்வெண் ஓசைகளை அடைப்பு முறையே தடுக்கிறது. எனவே நல்ல கருவியில் இரு முறைகளும் ஒன்றுக்கொன்று துணையாக அமையும்.

தெரிவு செய்தல்

பயணத்திற்கான காதொலிப்பானைத் தெரிவு செய்வோர் பின்வருவனவற்றைக் கருத்திற்கொள்ளலாம்.

* பொருத்தம்: காதுக்கும் கருவிக்கும் இடையே இடைவெளி இருந்தால் இரு முறைகளும் பயனிழக்கும். பாடலின் தாழ்சுருதி மெலிந்து ஒலித்தால் பொருத்தம் சரியில்லை எனக் கொள்ளலாம். உடன் தரப்படும் வெவ்வேறு அளவு சிலிக்கான் முனைகளை மாற்றிப் பார்த்தல் வேண்டும். இடக்காதுக்கும் வலக்காதுக்கும் வெவ்வேறு அளவு தேவைப்படுவதும் உண்டு. காதை முழுவதும் மூடும் வகையில், மூக்குக்கண்ணாடியின் காம்பு மெத்தையைத் தூக்கி இடைவெளி ஏற்படுத்தக்கூடும்.
* ஏ.என்.சி, இ.என்.சி வேறுபாடு: இ.என்.சி என்பது தொலைபேசியில் பேசும்போது மறுமுனையில் இருப்பவருக்கு நமது சுற்றுப்புற ஓசை கேளாமல் குறைக்கும் வசதியாகும். அணிந்திருப்பவரின் காதை அடையும் இரைச்சலை அது குறைப்பதில்லை. விலை குறைந்த பல கருவிகளின் பெட்டியில் இ.என்.சி மட்டுமே குறிக்கப்பட்டிருக்கும்.
* டெசிபெல் அளவு: பெட்டியில் குறிக்கப்படும் எண் பெரும்பாலும் ஏதேனும் ஒரு தாழ் அதிர்வெண்ணில் கிடைத்த மிக உயர்ந்த அளவே, எல்லா ஓசைகளுக்கும் அது பொருந்தாது.
* மின்கலம்: எதிரலை முறை மின்சாரத்தால் இயங்குவது. மின்கலம் தீர்ந்தால் அடைப்பு முறையின் பயன் மட்டுமே எஞ்சும்.
* காற்று: சன்னலோரக் காற்று வெளி ஒலிவாங்கியில் மோதிப் புதிய இரைச்சலை உண்டாக்கலாம். சில கருவிகளில் இதனைக் குறைக்கத் தனி அமைப்பு உண்டு.

எதிரலை இயங்கும்போது சிலர் காதில் அழுத்தம் போன்ற உணர்வைப் பெறுகின்றனர். இயலுமாயின் அணிந்து பார்த்த பின்னரே வாங்குதல் நன்று. நுரையாலான நல்ல முனை கொண்ட எளிய கம்பிவகை இயர்போன், தரம் குறைந்த எதிரலைக் கருவியைவிட மிகுந்த பயன் தருவதும் உண்டு.

செவிநலம்

இரைச்சல் மிகுந்த இடத்தில் பாடல் கேட்போர், இரைச்சலை விஞ்சும் அளவுக்கு ஒலியைக் கூட்டுவர். எடுத்துக்காட்டாக, பேருந்தின் உள்ளே இரைச்சல் 78 டெசிபெல் எனவும், பாடல் அதைவிட 10 டெசிபெல் கூடுதலாக வைக்கப்படுவதாகவும் கொண்டால், பாடல் 88 டெசிபெல் அளவில் காதை அடையும். கருவி இரைச்சலை 20 டெசிபெல் குறைத்தால், அதே தெளிவுக்கு 68 டெசிபெல் போதுமானது. இதுவே இக்கருவிகளின் முதன்மையான பயன்.

உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி, பெரியோர் 80 டெசிபெல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் இந்நேரம் பாதியாகக் குறைகிறது. 90 டெசிபெல்லில் அது வாரத்திற்கு 4 மணி நேரமே. உட்செவியின் மயிர் உயிரணுக்கள் அழிந்தால் மனிதரில் அவை மீண்டும் வளர்வதில்லை. கருவியை வாங்கிய பின்னும் ஒலியளவைப் பழையபடியே வைத்திருந்தால் செவிக்கு நன்மை ஏதும் இல்லை.

ஓசூர்ப் பகுதியில் பயன்பாடு

கிருட்டிணகிரி மாவட்டத்திலுள்ள ஓசூர், பெங்களூருவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், தேசிய நெடுஞ்சாலை 44இல் அமைந்துள்ள தொழில்நகரமாகும். இங்கிருந்து அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து எலக்ட்ரானிக் சிட்டி முதலிய இடங்களுக்கு நாள்தோறும் பலர் வேலைக்குச் செல்கின்றனர். போக 2 மணி, வர 2 மணி என வாரத்தில் 5 நாட்கள் பாடல் கேட்டபடி பயணம் செய்பவருக்கு 20 மணி நேரம் ஆகிறது. மேற்கண்ட கணக்கின்படி அவருக்கான எல்லை 83 டெசிபெல் ஆகும். பேருந்தின் எந்திர உறுமல் தாழ் அதிர்வெண் ஓசை என்பதால் எதிரலை முறை இப்பயணத்திற்குப் பொருத்தமானது. காற்றொலிப்பானின் ஓசைக்கு நல்ல அடைப்பும் தேவை.

தொழிற்சாலைகளில் இக்கருவிகளைச் செவிக்காப்பாகப் பயன்படுத்தலாகாது. பணியிடத்திற்கெனச் சோதித்துச் சான்றளிக்கப்பட்ட காது அடைப்பான்களும் மூடிகளும் தனியாக உள்ளன.

பயன்படுத்தக்கூடாத இடங்கள்

வாகனம் ஓட்டும்போதும், சாலையையோ இருப்புப்பாதையையோ கடக்கும்போதும் இவற்றை அணிதல் ஆபத்தானது. 2018 ஏப்ரல் 26 அன்று உத்தரப் பிரதேசத்தின் குசிநகர் மாவட்டத்தில், ஆளில்லாக் கடவுப்பாதையில் பள்ளி வாகனம் தொடர்வண்டியுடன் மோதியதில் 13 குழந்தைகள் உயிரிழந்தனர். ஓட்டுநர் இயர்போன் அணிந்திருந்ததாக அப்போது செய்திகள் வெளியாயின.

ஓசூர்ப் பகுதியில் மற்றோர் ஆபத்தும் உண்டு. தேன்கனிக்கோட்டை வட்டத்திலுள்ள ஜவளகிரிக் காடு, காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்தின் ஒரு பகுதியாகும். கர்நாடகத்தின் பன்னேருகட்டா காடுகளிலிருந்து, ராகி விளையும் பருவத்தை ஒட்டி யானைக் கூட்டங்கள் இவ்வழியே வருகின்றன. யானைகள் தமக்குள் எழுப்பும் உறுமலின் பெரும்பகுதி, மனிதச் செவியின் கீழெல்லையான 20 ஹெர்ட்சை ஒட்டியோ அதற்குக் கீழோ அமைவதால் நமக்கு எளிதில் கேட்பதில்லை. கிளை முறியும் ஓசை, ஊரார் எழுப்பும் கூச்சல், பட்டாசு வெடி ஆகியனவே எச்சரிக்கை. காதை அடைத்துக்கொண்டு இச்சாலைகளில் நடப்பவரும் இருசக்கர வாகனத்தில் செல்பவரும் இவ்வெச்சரிக்கையை இழக்கின்றனர்.

பல கருவிகளில் வெளியோசையை ஒலிவாங்கி வழியே உள்ளே அனுப்பும் சூழலொலி வசதி உள்ளது. எனினும் ஓசை வரும் திசையை உணர்வதில் இது வெறுங்காதுக்கு ஈடாகாது. இத்தகைய இடங்களில் கருவியைக் கழற்றி வைத்தலே பாதுகாப்பானது.

இவற்றையும் பார்க்க

* ஒலிவாங்கி
* அலைக் குறுக்கீடு
* டெசிபெல்
* ஒலி மாசு