லண்டன் புகையும் கருகிய இலைகளும்

19ஆம் நூற்றாண்டு லண்டனில் வீட்டுக்குள் செடி வளர்க்க நினைத்தவர்களுக்குப் பெரும் தலைவலியாக இருந்தது இலைக்கருகல். முதலில் நுனியும் விளிம்பும் பழுப்பேறும். பிறகு கருகல் நடுநரம்பை நோக்கிப் பரவும். வேரிலிருந்து ஏறும் நீர் கடைசியாகச் சேருமிடம் நுனி என்பதால், வறட்சியானாலும் உப்பானாலும் முதலில் அங்கேதான் தெரியும். ஆகவே கருகலைப் பார்த்த மாத்திரத்தில் காரணம் சொல்லிவிட முடியாது. தண்ணீர் போதவில்லை என்றெண்ணி மேலும் ஊற்றினால் வேர் அழுகி, அதே பழுப்பு இன்னும் வேகமாகப் பரவும்.

லண்டனில் கோளாறு காற்றில் இருந்தது. வீட்டுக்கு வீடு கணப்பில் நிலக்கரி எரிந்தது. கரித்தூள் இலைமேல் படிந்து வெளிச்சத்தை மறைத்தது; கந்தக டை ஆக்சைடு இலைத்துளைகள் வழியே புகுந்து திசுக்களைக் கருக்கியது.

இதற்கு வழி கண்டவர் நதானியல் பாக்ஷா வார்ட் என்ற மருத்துவர். கப்பல் துறைகளை அடுத்த வெல்க்ளோஸ் சதுக்கத்தில் அவர் வீடு. பாறைகளை அடுக்கி, மேலிருந்து நீர் சொட்டவிட்டு, பெரணிகளும் பாசிகளும் வளர்த்துப் பார்த்தார். சுற்றியிருந்த ஆலைகளின் புகையில் அவை மடிந்தன. 1829இல் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணில் புதைத்து, கண்ணாடிப் புட்டிக்குள் மூடி வைத்தார். வெயில் ஏறும்போது மண்ணின் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் துளிகளாகப் படிந்து, மறுபடி மண்ணுக்கே வழிந்தது. பூச்சி வெளிவருமுன் அந்த மண்ணில் ஒரு பெரணியும் ஒரு புல்லும் தலைகாட்டின. தண்ணீரே ஊற்றாமல் ஏறத்தாழ 4 ஆண்டுகள் அவை உயிரோடிருந்தன. மூடி துருப்பிடித்து மழைநீர் உள்ளே இறங்கிய பிறகே அழுகின. முன்பு வளர்த்த செடிகளைக் கொன்றது புகையும் வறண்ட காற்றுமாக இருக்கலாம் என்பதை இது சுட்டிக்காட்டியது.

இதே முறையில் செய்த கண்ணாடிப் பெட்டிகள் 1833இல் சிட்னிக்குக் கப்பலேறின. செடிகள் நலமாகவே போய்ச் சேர்ந்தன. உப்புக்காற்றில் கருகாமல் செடிகள் கடல் கடந்ததன் விளைவு உதகையையும் எட்டியது. 1860இல் அங்கே வந்த சிங்கோனா நாற்றுகள் செங்கடல் வெப்பத்தில் நலிந்து மடிந்தன என்றாலும், அடுத்த ஆண்டு பெட்டிகளில் வந்தவை நீலகிரியில் வேரூன்றின. மலேரியாவுக்கான கொய்னா மருந்து அவற்றின் பட்டையிலிருந்து கிடைத்தது. இதற்கெல்லாம் முன்பே, 1842இல், வார்ட் தம் முறையை நூலாக வெளியிட்டிருந்தார். 1845இல் கண்ணாடி மீதான வரி நீங்கியதும் பெரணிப் பெட்டி நடுத்தர வர்க்கக் கூடங்களிலும் இடம்பிடித்தது.

அதற்குள் எரிவாயு விளக்கு வந்துவிட்டது. இம்முறை இலைகள் மஞ்சளித்து உதிரவும் செய்தன. நிலக்கரி வாயுவில் கலந்திருந்த எத்திலீனே செடிகளைப் பாதிக்கிறது என்று 1901இல் ரஷ்ய அறிவியலாளர் திமித்ரி நெல்யுபோவ் பட்டாணி நாற்றுகளைக் கொண்டு காட்டினார். வீடுகளோ அதற்கு முன்பே செடியை மாற்றிக்கொண்டு சமாளித்திருந்தன. கிழக்காசியக் காட்டு நிழலில் வளரும் ஆஸ்பிடிஸ்ட்ரா மங்கிய வெளிச்சத்தையும் வாயுவையும் தாங்கியது. அதன் அகன்ற இலைகளில் படியும் கரியை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

1952 டிசம்பரில் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட புகைமூட்டத்துக்குப் பின், 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகை குறைந்தது, நுனிக்கருகல் விடவில்லை. வீடு முழுவதையும் சூடாக்கும் அமைப்புகள் குளிர்காலத்தில் அறைக்காற்றை உலர்த்தின. பெரணிகளை வெப்பக்குழாயை விட்டு நகர்த்தி, ஈரப்பதம் உள்ள அறையில் வைப்பது இதற்குத் தீர்வானது. டிரசீனா போன்ற சிலவற்றுக்குக் குழாய்நீரின் புளோரைடும் ஆகாது. அவற்றுக்கு மழைநீர் ஊற்றுவதும், தொட்டியின் அடித்துளை வழியே நீர் ஓட விட்டு மண்ணில் தேங்கிய உப்பைக் கழுவுவதும் வழக்கமாயின. கருகிய பகுதி மீண்டும் பச்சையாவதில்லை என்பதால், சிகிச்சை பலித்ததா என்பதைப் பிறகு விடும் புது இலைகளில்தான் பார்க்க வேண்டும்.